மாமா புதைத்த புலிநகம்

சிங்கப்பூரில் இன்று புலி பார்ப்பது சுலபம். போன மாதம் தெம்பனிஸ் வீட்டிலிருந்து குடும்பத்தையே என் செலவில் மண்டாய் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். டிராமில் உட்கார்ந்தோம், புலி படுத்திருந்த இடத்துக்கு அதுவே கொண்டுபோய் விட்டது. பேத்தி கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, "அவ்ளோதானா தாத்தா?" என்றாள்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, லாரி கழுவி, இன்று லாரிகளுக்கே முதலாளியாக இருப்பவன் நான். என் பேச்சுக்குச் சபையில் மதிப்பு உண்டு. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊர் என்னை நம்பவில்லை. அதற்குக் காரணம் என் தாய்மாமா.

என் சின்ன வயதில் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் மாடியில் குடியிருந்தோம். கீழே ஒரு பத்தரின் நகைப் பட்டறை. என் கழுத்தில் தங்கப்பூண் போட்ட புலிநகம் தொங்கும். நான் பிறந்தபோது மாமா கொடுத்தது, பத்தர் கட்டியது. சந்துப் பையன்கள் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு செல்வாக்கு.

மாமா மலாயாவின் பகாங் காட்டில் இருந்த தேசியப் பூங்காவில் படகோட்டி. ஒரு பள்ளி விடுமுறையில் என்னை அழைத்துப்போக வந்தார். புறப்படும்போது, புலியைப் பார்க்காமல் திரும்பினால் பெயரையே மாற்றிக்கொள்வதாகச் சந்து முழுக்க அறிவித்தேன். பத்தர் என் கன்னத்தைத் தட்டி, "வந்ததும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும், சரியா?" என்றார்.

ரயிலில் போய், பிறகு படகில் ஏறினோம். கரை இரண்டிலும் காடு. நான் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். தண்ணீர் ஏன் தேநீர் நிறத்தில் இருக்கிறது, மாமாவிடம் ஏன் துப்பாக்கி இல்லை, இவ்வளவு காடும் யாருக்குச் சொந்தம்?

முன்பு இங்கே துரைமார் வேட்டையாடினார்களாம். அவர்களில் ஒருவருக்கே மனம் மாறி, இனி யாரும் சுடக்கூடாது என்று சுல்தான்களிடமும் அதிகாரிகளிடமும் வருஷக்கணக்கில் நடையாய் நடந்து இதைப் பூங்காவாக்கினாராம்.

"அப்ப நீங்க என்ன செஞ்சீங்க மாமா?"

"அவங்க சுடுறதுக்கு நான் புதரைத் தட்டி வெரட்டிவிட்டேன்."

கரை இறங்கியதும் அவர் என் கழுத்திலிருந்த புலிநகத்தைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசனை பிடித்துப் புலி தேடி வரும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உப்புமண் தின்ன மிருகங்கள் வரும் இடத்துக்கு எதிரே, மரக்கால்களின்மேல் ஒரு குடிசை. பேசாமல் உட்கார வேண்டும். எனக்கு அதுதான் பெரிய தண்டனை. மான்கள் வந்தன. முன்பாதி கறுப்பும் முதுகு வெள்ளையுமாக, யாரோ சாயம் தீர்ந்து பாதியில் விட்டுப்போன மாதிரி தாப்பிர் என்ற பன்றி ஜாடை மிருகம் ஒன்று வந்தது. புலி மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை ஓடையோரம் நடந்தோம். ஈரச் சேற்றில் ஒரு தடம். என் உள்ளங்கை அதற்குள் அடங்கியது. தண்ணீர் அப்போதுதான் அதில் ஊறிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் போயிருக்காரு," என்றார் மாமா. காட்டுக்குள் அவர் புலி என்று சொல்லமாட்டார்.

பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். மண்டியிட்டார். பையிலிருந்த நகத்தை எடுத்து, கத்தியால் தங்கப்பூணை நெம்பிக் கழற்றி, வெறும் நகத்தை அந்தத் தடத்தின் நடுவில் ஆழமாக அழுத்தினார். பிறகு வெறுங்காலால் தடத்தைத் தேய்த்தே அழித்துவிட்டார்.

"என்னோடது மாமா!"

"அவங்க வீட்டுச் சாமான்டா. அவங்ககிட்டயே இருக்கட்டும்."

"தடத்த எதுக்கு அழிச்சீங்க? பயமா?"

என் முகத்தைப் பார்த்தார். "ஆமாடா. ரொம்பப் பயம்."

ஊர் திரும்பியதும் சந்தில் கூட்டம் கூடிவிட்டது. பத்தர் பட்டறையை விட்டு எழுந்து வந்தார். "புலியைப் பார்த்தேன்! இத்தாம் பெருசு!" என்று கைகளை விரித்தேன்.

பத்தர் குனிந்து என் தோளில் கைபோட்டார். "கெட்டிக்காரன். எந்தப் பக்கம்? ஆத்துக்கு மேலயா, கீழயா?" மாமாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நகம் கேட்டு ஆளுங்க நிக்கிறாங்கப்பா. உனக்குத் தெரியாத காடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பெரிதாகச் சிரித்தார். "புலியா? குடிசையில படுத்துத் தூங்கினான் லா. மானைப் பார்த்துட்டு வந்து புலிங்கிறான்."

சந்தே சிரித்தது. "பேர மாத்துடா!" என்று பையன்கள் கத்தினார்கள். மறுநாளிலிருந்து நான் 'மான்குட்டி'. மாடியில் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "பூணு பத்திரமா இருக்கு, நகம் மட்டும் எப்டிடா தொலையும்?" மாமா சோற்றைப் பிசைந்தார்.

எத்தனையோ வருஷம் அவரை ஒரு பயந்தாங்கொள்ளி என்றே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் மறுத்ததே இல்லை.

ஓடையோரம் "ரொம்பப் பயம்" என்றபோது மாமா என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முன்பல் அப்போது ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, நாக்கால் தள்ளி ஆட்டிக் காட்டினேன்.