ஆட்டுக்கும் ஒரு சிரட்டை

நான் ஆட்டு வியாபாரி. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் முறை. வாயில்லா ஜீவன்கள் மேல் வைக்கும் இரக்கத்தைப் பற்றி ஓர் ஆட்டு வியாபாரி எழுத வந்துவிட்டானா என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் ஆடு பிடித்து, தூத்துக்குடியில் தோணி ஏற்றி, கொழும்பில் இறக்குவது என் தொழில். அங்கே கறிக்கு நல்ல கிராக்கி. வழக்கமாக ஆட்டோடு ஓர் ஆளை அனுப்பிவிட்டு நான் கரையிலேயே நின்றுவிடுவேன். பனங்காட்டில் பிறந்த எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அந்தத் தடவை என் ஆளின் வீட்டில் கல்யாணம். வேறு வழியில்லாமல் நானே ஏறினேன்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். இந்தத் தண்டல் என்னைவிட இளையவர். கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு, வாயில் எப்போதும் வெற்றிலை, மூக்கின் மேல் கோபம். ஆட்டைக் காலைப் பிடித்துத் தூக்கிய ஒரு கூலியாளை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இதுதான்: “வயித்துக்கடியில கை குடுத்துத் தூக்குலே. ஒன்னயக் காலப் புடிச்சுத் தூக்குனா சும்மா இருப்பியா?”

ஆள் நல்லவர் போலிருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சைவக்காரரும் இல்லை. ஆட்டெலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்கிற ஆள்.

வாடைக்காற்று ஒழுங்காக அடித்தால் மறுநாளே கொழும்பு தெரியும். புறப்பட்ட அன்று நல்ல வாடைதான். விடிந்து பார்த்தால் பாய் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரித் தொங்குகிறது. காற்று விழுந்துவிட்டது. அன்று முழுக்க அசைவில்லை. மறுநாளும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையைக் காணோம். ஆடுகள் தோணியின் நடுவே, பனைமட்டைத் தட்டி கட்டிய அடைப்புக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. வெயில் நேராக அவற்றின் முதுகில் இறங்கியது.

குடிதண்ணீர் ஒரு பீப்பாயில் இருந்தது. ஒரு நாள் பயணத்துக்குத் தாராளம் என்று ஏற்றிய தண்ணீர். இதற்கிடையில் தோணியின் சமையற்காரர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தொட்டால் கை சுட்டது.

தண்டல் முதலில் ஒரு மண்பானை நிறையத் தண்ணீர் எடுத்து, துணியால் வாயைக் கட்டி, காய்ச்சல்காரரின் தலைமாட்டில் வைத்தார். “இதுல எவனும் கை வைக்கக் கூடாது” என்றார். மீதிக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைதான் அளவு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆளுக்கு ஒரு சிரட்டை. ஆட்டுக்கும் ஒரு சிரட்டை. அதிலும் ஆட்டுக்குத்தான் முதலில்.

“அதென்ன ஆட்டுக்கு முதல்ல?” என்று கேட்டேன்.

“நாம குடிச்சிட்டா அதுக்குக் குடுக்க மனசு வராது அண்ணாச்சி” என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும் விடவில்லை. “தண்டல், ஆடு என் ஆடு. நட்டம் என் நட்டம். நான் சொல்லுதேன், அதுகளுக்குத் தண்ணி வேண்டாம். கொழும்புல எறங்குன அன்னிக்கே சாவப் போற ஆடு. காத்து வரலைன்னா நாம சாவணும்.”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “சாவு கொழும்புலதான அண்ணாச்சி இருக்கு. தாகம் இங்கனல்லா இருக்கு.” பிறகு சிரட்டையை என் கையில் கொடுத்தார். “உங்க ஆடுதான? நீங்களே காட்டுங்க.”

என் வாதத்தில் இன்றும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. நாலு பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துக் கேட்டாலும் என் பக்கம்தான் பேசுவார்கள். ஆனாலும் அன்று சிரட்டையை வாங்கினேன். அடைப்புக்குள் புகுந்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தேன். ஒரு சிரட்டை ஓர் ஆட்டுக்கு எந்த மூலைக்கு? குடித்து முடித்ததும் என் விரலிடுக்கில் ஒட்டிய ஈரத்தையும் நக்கின. அதன் பிறகு தண்டல் தன் பங்கை வாங்கி, எல்லோர் முன்னாலும் கூச்சமில்லாமல் மடமடவென்று குடித்தார். தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பெருமை தேடும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. “நான் மயங்கி விழுந்தா தோணிய யாரு பாக்குறது?” என்றார்.

மறுநாளும் காற்று வரவில்லை. பீப்பாயின் அடி தெரிந்தது. தோணிக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். “ஒரு நாலஞ்ச அறுத்துப் போட்டா குடிக்கிற வாயி கொறையும்லா?”

நானும் உடனே ஒத்துக்கொண்டேன். தண்டல் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. “அறுக்கலாம். அது நியாயந்தான். தவிக்க விடுததுக்கு அது மேல்” என்று கத்தியை எடுத்து வைத்தார். “எதெதுன்னு அண்ணாச்சி காட்டட்டும்.”

பொறுக்குவதுதானே என் தொழில்? முதுகில் கை வைத்தால் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவேன். சந்தையில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

என்னைக் கண்டதும் எல்லாம் முகத்தைத் தூக்கின. தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டன. முதுகைத் தொட நீட்டிய கையை ஒரு காதறுந்த கிடா நக்கியது. காய்ந்த கை. அது விடாமல் நக்கியது. அடுத்ததும் மூக்கை நுழைத்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதன் மேலும் கை வைக்க முடியவில்லை. எத்தனையோ மந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கசாப்புக்கு அனுப்பியவன், நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். “எனக்கு எதுன்னு தெரியலை தண்டல்” என்றேன்.

அறுக்கச் சொன்னவரும் சிரிக்கவில்லை, தண்டலும் சிரிக்கவில்லை. கத்தியை உறையில் போட்டார். “சரி. சாயங்காலம் வழக்கம்போலக் காட்டுங்க” என்றார். அந்தச் சாயங்காலமும் காட்டினேன்.

மறுநாள் காலையில் பீப்பாயின் அடியில் படிந்த கசண்டுதான் இருந்தது. தண்டல் அதன் மேல் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். இனி யாருக்கும் கிடையாது. ஆட்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. காய்ச்சல்காரரின் பானையில் மட்டும் தண்ணீர் இருந்தது. தண்டல் துணியை நனைத்து அவர் உதட்டில் பிழிவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பானையை நான் பார்த்த பார்வையை மாதா மன்னிக்க வேண்டும். ஆனால் ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. ஆட்டைக்கூட ஏமாற்றாத மனிதர் காவல் இருக்கும் பானையை எப்படித் தொடுவது? அவரைப் போல் ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பாய் படபடத்தது. வாடை திரும்பிவிட்டது. தோணிக்காரர்கள் “மாதாவே!” என்று கத்திக்கொண்டு கயிற்றுக்கு ஓடினார்கள்.

கொழும்பில் இறங்கியதும் தண்டல் சமையற்காரரைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தடவையோடு நான் ஆட்டு வியாபாரத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

கரையில் ஆடுகளை இறக்கி நிறுத்தியிருந்தேன். பக்கத்திலேயே குழாய். எனக்குத் தொண்டை பற்றி எரிந்தது. வாளியை நிரப்பினேன். ஆட்டை ஓட்டிப் போக வந்திருந்த கசாப்புக்கடை ஆள், நான் வாளியை எங்கே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று பார்த்துச் சிரித்தார்.

“சாயங்காலம் வெட்டுற ஆட்டுக்குத் தண்ணி எதுக்கு மொதலாளி?”

“சாவு சாயங்காலந்தானவே. தாகம் இப்பல்லா இருக்கு” என்றேன்.

காதறுந்த கிடா வாளிக்குள் தலையை விட்டது. எல்லா ஆட்டுக்கும் வயிறு நிறையக் காட்டி முடித்த பிறகுதான் நான் குழாயில் வாயை வைத்தேன். முதலில் நான் குடித்திருந்தால் அவற்றுக்குக் காட்டியிருக்க மாட்டேன்.