கடற்புல்லுக்காகப் பேசிய வேணி

வேணி பிறந்தது திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில். அப்பா மன்னார்த் தீவின் பேசாலையில் மீன் பிடித்தவர். போருக்குத் தப்பிப் படகேறி வந்து, இங்கே பெயின்ட் வேலைக்குப் போனார். மகள் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். நன்றாகவே படித்தாள். ஆனால் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை.

பாக் நீரிணையில் அழிந்துவரும் கடற்புல்லை மீண்டும் வளர்க்க இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் திருச்சி அலுவலகத்தில் நானும் இருந்தேன். இரு கரை மீனவர்களோடும் பேச ஆள் தேடியபோது வேணி வந்தாள். எங்களிடம் 'பேசுவாள்', மன்னார்க்காரர்கள் போனில் வந்தால் 'கதைப்பாள்'. பேசாலை மீனவர் சங்கத் தலைவர் ஞானசீலனுக்கு அவள் சீக்கிரமே வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள்.

ஒரு நாள் ஞானசீலன் கொதித்துப்போய் அழைத்தார். "உங்கட விசைப்படகு வந்து, நாங்கள் நட்ட புல்லையெல்லாம் வாரிக்கொண்டு போட்டுது, பிள்ளை. இனி ஒருத்தரும் நட மாட்டம்."

இரு அரசுகளுக்கும் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம் என்றார் எங்கள் மேலாளர். வேணி காத்திருக்கவில்லை. முகாமிலிருந்து வெளியூர் போக அனுமதி வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். ஞானசீலன் சொன்ன அடையாளத்தை வைத்துத் துறைமுகத்தில் விசாரித்து, அந்தப் படகை ஓட்டிய அடைக்கலராஜைப் பிடித்தோம்.

"மீனு இருக்கிற பக்கம்தானம்மா போவோம்? எங்களைக் கேக்க நீ எந்த நாட்டுக்காரி?" என்றார் அவர்.

வேணியின் முகம் சுருங்கியது. ஆனாலும் குரல் உயரவில்லை. "ரெண்டு நாட்டுலயும் எனக்குப் பேர் இல்லண்ணே. அதை விடுங்க. இப்பல்லாம் உங்க வலையில இறால் எவ்வளவு விழுது?"

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"அந்தப் புல்லுக்குள்ளதான் இறால் குஞ்சு வளருது. நட்டவங்க லைன்ல இருக்காங்க. நீங்களே பேசுங்க."

வீடியோவில் ஞானசீலன் திட்டித் தீர்த்தார். அடைக்கலராஜ் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இருட்டுல தெரியலண்ணே. நட்ட இடத்தைச் சுத்தி மிதவை கட்டிப் போடுங்க. அதுக்குள்ள நான் வலை இழுக்க மாட்டேன். மத்தவங்களுக்கும் சொல்றேன்" என்றார்.

பேசாலையில் மறுபடி நட்டார்கள். எல்லாப் படகும் அடங்கிவிடவில்லை. சில இன்னும் எல்லை தாண்டுகின்றன. ஆனால் மிதவை கட்டிய இடத்தில் புல் வேர்பிடித்துவிட்டது. இந்தக் கரையில் நடவு நடந்தபோது, புல்லைக் கட்டி நடும் மூங்கில் சட்டங்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு அடைக்கலராஜும் வந்தார்.

போன மாதம் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வேணியும் நானும் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஞானசீலன் அழைத்தார். "புல்லு மேயக் கடற்பசு வந்திருக்கு, பிள்ளை! தாயும் குட்டியும். என்ர கண்ணால கண்டனான்!"

வேணிக்கு நிலைகொள்ளவில்லை. எதிரே இருந்த வெங்காயக்காரரிடமே சொன்னாள்: "அண்ணே, எங்க கடல்ல கடற்பசு வந்திருக்குண்ணே!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரொம்ப நல்லதும்மா" என்று சிரித்து, ஒரு கை வெங்காயம் கூடுதலாக அள்ளிப் போட்டார்.