அராபா எஜிர்பாவின் பச்சைப் புள்ளிகள்

மொரீ கடற்கரையில் முப்பத்தைந்து வருடமாக மத்தி மீனைப் புகையில் வாட்டி விற்கிறவள் அராபா எஜிர்பா. அந்தப் புகையில் பாதி மீனுக்குப் போனது, மீதி அவள் நெஞ்சுக்குள் போனது. வருடத்துக்கு இரண்டு தடவை மூச்சு முட்டி, கண் செருகி, நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "இன்னொரு தடவை இவ்வளவு தாமதமா வந்தா உயிர் தங்காது" என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் டாக்டர் ஒட்டூ வந்து சேர்ந்தார். மூச்சுமுட்டு வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிடும் கம்ப்யூட்டர் அவரிடம் இருந்ததாம். தினமும் காலையில் அது அராபாவுக்குப் போன் அடிக்கும். இனிமையான ஆண் குரல், எங்கள் ஃபான்டி மொழியிலேயே நல்லபடியாகக் கேட்கும்: "காலை வணக்கம் அம்மா. உடம்பு எப்படி இருக்கு? நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க. மூச்சு வாங்குனா ரெண்டு. ரொம்ப வாங்குனா மூணு."

கிழிஞ்சது போங்கள்! வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கிறவனிடம் "முடியலைப்பா" என்று சொல்கிற வழக்கம் எங்கள் கரையில் உண்டா? குற்றுயிராகக் கிடந்தாலும் "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நோயை வாயால் சொன்னால் அது பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அதுவும் முன்பின் தெரியாத ஆம்பளையிடமா சொல்வாள்? அராபா ஒண்ணை அமுக்கினாள். இருமிக்கொண்டே ஒண்ணு, முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டே ஒண்ணு. நகரத்தில் கம்ப்யூட்டர் நாளுக்கொரு பச்சைப் புள்ளி வைத்தது. நூற்றிருபது நாளில் நூற்றிருபது பச்சை. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்டில் மத்தி கொட்டோ கொட்டென்று கொட்டி, கரையில் எல்லா அடுப்பும் எரிகிற வாரமாகப் பார்த்து விழா வைத்தார். பந்தல், மைக், தலைநகர் அக்ராவிலிருந்து கோட்டுப் போட்ட நாலு பேர். "மிகச் சீரான நோயாளி" என்று அராபாவுக்குப் புடவைத் துணி பரிசு. நாலு நாளாக மூச்சு வாங்கித் தூங்காதவள், புது உடுப்பில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அவ பொய் சொல்றா டாக்டர்!" கூட்டத்திலிருந்து மான்சா எழுந்தாள். அடுத்த அடுப்புக்காரி, முப்பது வருடப் பகையாளி.

"படத்துல எல்லாம் பச்சையா இருக்கேம்மா."

"படமாம் படம்! அவ விறகை நான் எடுத்தா ஒரே மூச்சுல என் அப்பன், பாட்டன், என் மூக்கு வரைக்கும் திட்டுவா. முந்தாநாள் அப்பனோட நின்னுட்டா. நேத்து 'திருடி'யோட சரி."

"அதெல்லாம் அறிவியல்ல சேராது, உக்காருங்க."

மான்சா உட்காரவில்லை. நேரே மேடையேறினாள். "ஏய் அராபா, உன் மீனைப் பூனை கூட மோந்து பாக்காதுடி!"

அராபாவிடம் பதில் தயாராக இருந்தது, மான்சாவின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து. வாயைத் திறந்தாள். "நீ..." அதற்குமேல் காற்று இல்லை. உதடு நீலம் பூத்தது. கோட்டுக்காரர்கள் வந்த வண்டியிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். அரைமணி தாமதித்திருந்தால் அந்தப் பரிசுத் துணியையே போர்த்தியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் மான்சா கென்கே என்கிற சோளமாவு உருண்டைப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் நோட்டோடு காத்திருந்தார். "எத்தனை திட்டு இருந்தா நலம்? எத்தனைக்குக் கீழே போனா ஆபத்து? நிதானமா சொல்லுங்க." மான்சா சுவரில் சாய்ந்து நின்றாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது.

"ஒரு மாடி ஏறினதுக்கா இப்படி?" என்றாள் அராபா.

மான்சா பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"எத்தனை நாளாடி?"

"நாலு மாசமா. பயமா இருக்கு அராபா."

டாக்டர் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அராபா தன் முகத்திலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டு, கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.