கைதட்டல் கசெற்

மாமா பிரான்சிலிருந்து அனுப்பிய கசெற்றை அப்பா அழித்துவிட்டார். நாற்பது வயது கடந்தும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. அழித்ததோடு விட்டாரா, அதன்மேல் என்னையும் பேசச் சொன்னார். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. போர்க்காலம். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் மின்சாரம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, கடைகளில் பற்றரியும் இல்லை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கசெற் போடும் றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கசெற் வந்தால் அதில் ஆளின் குரல் இருக்கும். கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்புவார்கள். தம்பியின் குரலைக் கேட்க அம்மா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். அயலவரும் நாலைந்து பேர் வந்தார்கள். அப்பா பெடலைச் சுற்றினார்.

மாமா வரவில்லை. ஒரு பியானோ வந்தது, கூடவே அடித்தொண்டையில் உறுமும் ஒரு தந்தி வாத்தியம், ஒரு மேளம். நடுவில் யாரோ இருமினார்கள், கிளாசுகள் மோதின, கூட்டம் கைதட்டியது. இரண்டு பக்கமும் அதுதான். அட்டைக்குள் மாமா ஒரு வரி எழுதியிருந்தார்: இது ஜாஸ் கச்சேரி, கைதட்டுகிறவர்களில் தானும் ஒருவன்.

"உவனுக்கு விசர்," என்றார் அப்பா. "சுகமோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை, கை தட்டி அனுப்பியிருக்கிறான்."

அயலவர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கைதட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, காதை வைத்துத் தம்பியின் கைகளைத் தேடினார். எனக்கோ அந்தப் பியானோ நெஞ்சுக்குள் ஏறிவிட்டது. அது சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போகும். தொலைந்தேவிட்டது என்று நான் பயப்படும் நேரம் மற்ற இரண்டும் அதைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வரும்.

வெற்றுக் கசெற் கிடைக்காத காலம். அதன்மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து அனுப்புவதென்று முடிவாயிற்று. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அழுதேன், சாப்பிட மறுத்தேன், கசெற்றை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். மறுநாள் உலை வைக்கும்போது அம்மாவின் கையில் அகப்பட்டது. அப்பா என்னை ஏசவில்லை. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர் நேரே போய்ச் சைக்கிளைக் கவிழ்த்தார்.

"ஒருக்காத்தான். பேந்து கேக்கக்கூடாது."

நான் றேடியோவோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். கடைசி உருப்படியில் பியானோ மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொரு சுரமும் கனத்துக் கீழே இறங்கி, இனி இல்லை என்ற இடம்வரை போய், பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து ஓடியது. மனிதரால் இப்படியும் வாசிக்க முடியுமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அப்பா மூச்சு வாங்குவதுதான் பெரிய இடைஞ்சல். சத்தம் போடவேண்டாம் என்று திரும்பாமலே சொன்னேன்.

அன்று பின்னேரமே பதிந்தார்கள். எல்லோரும் சுகம் என்றார்கள். என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் மாமா அந்தக் கச்சேரியை எங்கிருந்தோ தேடியெடுத்து என் போனுக்கு அனுப்பினார். முப்பது வருடம் காத்திருந்த இடம் வந்தது. பியானோ தளரவே இல்லை. விறுவிறுவென்று போய் முடிந்தது. இது வேறு எதுவோ, நல்ல இடத்தை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று மாமாவுக்குப் போன் எடுத்துச் சண்டை போட்டேன்.

"அது எப்பவும் அப்பிடித்தான் பிள்ளை," என்றார் அவர். "நான் அங்கை இருந்தனான்."

போனை வைத்த பிறகுதான் சைக்கிள் நினைவுக்கு வந்தது. காலை முழுக்கத் தண்ணீர் இறைத்த கை. அது ஓய்ந்து போகக் கசெற்றும் தளர, அப்பா மறு கைக்கு மாற்றியிருக்கிறார். இதைச் சொல்ல இப்போது அப்பா இல்லை. அன்று கச்சேரி முடிந்ததும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் கைதட்டினேன், அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.