பொக்கும் சொத்தையும்

இன்று காலை நிலக்கடலை உரித்தபோது எழுந்த மண் வாசனையில், விருதுநகரில் என் அம்மாவும் சித்தியும் கடலை பொறுக்கிய கிட்டங்கி நினைவுக்கு வந்தது. அந்தக் கடலைக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள் இருக்கின்றன. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன், சாக்குத் தூசியும் முறம் புடைக்கும் சத்தமும் பெண்களின் பேச்சுமாக இருக்கும். தோட்டுக்குள் பருப்பே பிடிக்காத கடலையைப் பொக்கு என்பார்கள், பொக்கை வாய் போல உள்ளே வெறுமையாக இருப்பதால். பிடித்த பருப்பைப் பூச்சி அரித்திருந்தால் அது சொத்தை.

பிள்ளை இல்லை என்று நாரணாபுரத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சித்தியிடம், மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சம்மதம் கேட்டு ஒருநாள் அவள் மாமியார் அங்கேயே வந்தாள்.

“இந்தப் பொக்கைக் கட்டிக்கிட்டு எம்மகன் எம்புட்டு நாள் அழுவான்?”

சித்தி முறத்தைக் கீழே வைத்தாள். “பொக்குன்னு சொல்லாதீக அத்தை. எனக்கும் தங்குச்சு. ஒங்க வீட்டுக்குத் தண்ணி சுமந்துதான் கலைஞ்சு போச்சு.”

மாமியார் எழுந்து போனாள். வேலை செய்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன. அம்மா அழுதுகொண்டே, “ஏட்டி, எங்கிட்டகூட சொல்லலையே” என்றாள்.

“அந்த ஆடியில காய்ச்சல்னு வந்து ஒன் வீட்டுலதானே கிடந்தேன். என்னன்னு நீ கேக்கவே இல்லையேக்கா.”

வெகுகாலம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தபோது, பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கேட்டிருக்கணும்டி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.