அத்தையைத் தூக்கிப் பார்த்த உடை

எங்கள் அக்கா தபால் நிலையத்தில் மூட்டை பிரிப்பவள். காலையில் அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். அந்தப் பக்குவம் எங்கள் யாருக்கும் வராது. நான் தூக்கினால் அப்பா முனகுவார்.

அக்காவுக்குக் கல்யாண உடை எடுக்கப் போன கடையில், அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை ஒற்றைக்காலில் நின்றாள்.

"கல்யாணப் பொண்ணு பளபளன்னு இருக்க வேணாமா? இதைப் போட்டுட்டு வா."

தோளிலும் நெஞ்சிலும் கண்ணாடிக் கல் பதித்த உடை. அக்கா மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தாள், பொய் சொல்வானேன்.

"அத்தை, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. கையை என் கழுத்துல போடுங்க."

"எதுக்குடி?"

அடுத்த நொடி அத்தை அந்தரத்தில் இருந்தாள். லேசான உடம்பென்று சொல்ல முடியாது. கடையே சிரித்தது.

"கல்யாணத்தன்னிக்கும் அப்பாவை நான்தானே தூக்கணும்?" என்றபடி அக்கா இறக்கிவிட்டாள்.

அத்தை கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். கல் கீறிய இடம் சிவந்திருந்தது. பிறகு கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"கல்லு கில்லு இல்லாம, மெத்துனு ஏதாவது காட்டும்மா. எங்கண்ணனுக்குத் தோல் ரொம்ப மெல்லிசு."