இருவேறு வயதுப் பிரைமர்கள்

என் அப்பா சேதுமாதவன் யாரையும் எளிதில் நம்பமாட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டிரிப்ஸ் பாட்டிலில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "நீயே பாத்தியா?" என்றார். மறுநாள் இறந்தார். அது போன மாதம்.

1976 கோடையில் அவர் துபாய்க்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கிளப்பில் தோட்டா தயாரித்தார். அதே கிளப்பில் எனக்கு ஏசி பராமரிப்பு வேலை. அப்பா, சுட்டுப்போட்ட பித்தளை உறைகளைச் சுத்தம் செய்து, அடியில் பிரைமரை அழுத்தி, வெடிமருந்து நிரப்பி, மேலே குண்டைப் பொருத்துவார். பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம். பிஸ்டலின் ஊசி அடித்ததும் அது பொறி கக்கி மருந்தைப் பற்றவைக்கும்.

கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவிடம். மற்றது ஸ்டோர்கீப்பர் கலீல் ரஹ்மானிடம். கீழக்கரைக்காரர்.

அந்தக் கோடையில் தோட்டாக்கள் குறி தவறின. ஒரு குண்டு மையத்தில் விழுந்தால் அடுத்தது ஒரு சாண் கீழே. மேனேஜர் காரணம் கேட்டார். "நல்ல மருந்தை எடுத்துட்டு யாரோ மட்டமானதைக் கலந்திருக்காங்க" என்றார் அப்பா. பெயர் சொல்லவில்லை. சாவி இரண்டுதான் என்பது மேனேஜருக்குத் தெரியும். கலீலின் விசாவை ரத்து செய்யப்போவதாகச் சொன்னார்.

கலீல் அப்பாவிடம் வந்தார். "அண்ணே, நான் கலப்படக்காரன்னா இந்நேரம் தேரா பஜார்ல நாலு கடை போட்டிருப்பேனே. இங்க வந்து உங்ககிட்ட ஏன் ஏச்சு வாங்குறேன்?"

அப்பா சிரிக்கவில்லை.

"சீல் பிரிக்காத டின்னு இருக்கு. நீங்களே உடைங்க. நான் தொடமாட்டேன். யல்லா, ஆரம்பிங்க."

அப்பா என் கண்முன்னே உடைத்தார். அந்த மருந்தில் தோட்டா செய்து, பிஸ்டலை மணல்மூட்டையில் சாய்த்துச் சுட்டார். அதே சிதறல். இரண்டு தோட்டாக்கள், ஊசி அடித்த பிறகு ஒரு கணம் தயங்கி வெடித்தன.

"பிரைமர்தான் தயங்குதுப்பா. எதை எடுத்தீங்க?" என்றேன்.

பிரைமர் தட்டைக் காட்டினார். பாதி பழசு, பாதி புதுசு. பழையவை முந்தைய ஆள் விட்டுப்போனவை. எத்தனையோ கோடை தகரக் கொட்டகையின் வெக்கையிலும் கடல் ஈரத்திலும் கிடந்தவை. வீட்டில் அம்மா பழைய அரிசியும் புது அரிசியும் கலந்துதான் உலை வைப்பாள். பழசு வீணாகாது, புதுசு குழையாது. பிரைமருக்கும் அப்பா அதையே செய்திருந்தார்.

தனித்தனியாகப் பிரித்துச் சுட்டோம். புதியவை உள்ளங்கை அளவுக்குள் அடங்கின. பழையவை இலக்குத் தாளெங்கும் சிதறின. ஒன்று வெடிக்கவே இல்லை.

"திருடன் ஆப்டுட்டான் அண்ணே. தட்டுலயே உக்காந்திருக்கான்" என்றார் கலீல்.

அப்பா நேராக மேனேஜரிடம் போனார். கலந்தது தானே என்றார். மேனேஜர் "கலாஸ், முடிஞ்சுது" என்று சொல்லி அவரைத் தோட்டா வேலையிலிருந்து எடுத்து வாசல் டியூட்டிக்கு மாற்றினார். கலீலின் விசா பிழைத்தது.

அப்பா தன் சாவியைக் கலீலின் கையில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

"நல்லாப் பாத்துக் குடுங்க அண்ணே. நாளைக்கு இது வேற சாவின்னு சொல்லிறாதீங்க."

அப்பா சிரித்துவிட்டார். ரூமுக்குத் திரும்பினோம். கதவருகே வந்ததும் கேட்டார்: "அவன் குடுத்த டின்னுல சீல் பிரியாமத்தானே இருந்துச்சு? நீயே பாத்தியா?"

"பாத்தேன்பா."